கவிஞர்களை வெளியே அனுப்பிவிட்டு பிளேட்டோவே கதை சொல்வது ஏன்?

வெயில்மரம்

பிளேட்டோவின் 'குடியரசு' ஒருவழியாக முடிந்தது. படிக்கும்போதே உறுத்திய ஒன்று முடித்த பிறகு இன்னும் அதிகமாக உறுத்துகிறது. இங்கே கேட்டால் யாராவது தெளிவு சொல்வீர்கள் என்றுதான் இந்த இழை.

இரண்டாம் புத்தகத்தில் பிளேட்டோ பேசவைக்கும் சாக்ரடீஸ், பழைய கிரேக்கக் கவிஞர்களான ஹோமரையும் ஹெசியடையும் ஒரு பிடி பிடிக்கிறார். யுரேனஸ் கடவுளுக்கு மகன் குரோனஸ் செய்த கொடுமை, குரோனஸ் தன் மகனிடம் பட்ட பாடு, இவையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் பிள்ளைகள் காதில் விழக்கூடாதாம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் மிகச் சிலருக்கு மட்டும், ரகசியமாக. அதுவும் வழக்கமான பன்றிப் பலி போதாது, எளிதில் கிடைக்காத பெரிய பலி ஒன்றைக் கொடுத்த பிறகே. கேட்க வருகிற கூட்டம் குறையட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு! பத்தாம் புத்தகத்தில் மறுபடியும் கவிதைமேல் பாய்கிறார்.

அதே பத்தாம் புத்தகத்தின் கடைசியில் என்ன நடக்கிறது? போரில் செத்து, 12ஆம் நாள் சிதையின் மேல் உயிர்த்தெழுந்த எர் என்பவனின் கதை. விதித் தேவியர் மூவர், சுழலும் பெரிய கதிர்க்கோல், சீட்டுப் போட்டு அடுத்த பிறவியைப் பொறுக்கும் ஆன்மாக்கள். ஹோமர் தோற்றார் போங்கள்.

இது இரட்டை அளவுகோலா? பிளேட்டோவோடு நிறுத்தவேண்டாம். பொதுவாகத் தத்துவவாதிகள் தொன்மத்தை, அதாவது புராணக் கதையை, என்னவாக நினைத்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள்?

சுண்டெலி

அடுத்தவன் சொன்னால் புளுகு, நான் சொன்னால் தத்துவம். இழையை மூடிவிடலாம்.

தர்க்கப்பிரியை

சுண்டெலி விளையாட்டாகச் சொன்னதை நான் சீரியஸாகவே சொல்வேன். எர் கதைக்குச் சற்று முன்னால் ஆன்மா அழியாது என்பதற்கு ஒரு வாதம் வருகிறதே, அதைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய கேட்டினால்தான் அழியும்: கண்ணுக்குக் கண்நோய், தானியத்துக்குப் பூஞ்சை, இரும்புக்குத் துரு. ஆன்மாவுக்கு உரிய கேடு அநீதி. ஆனால் அநீதி செய்கிறவன் அதனாலேயே செத்து விழுவதில்லை. தன் சொந்தக் கேட்டினாலேயே அழியாதது வேறு எதனால் அழியப்போகிறது? ஆகவே ஆன்மா அழியாது.

இதை எந்த முதலாண்டு மாணவரும் உடைத்துவிடுவார். சொந்தக் கேட்டைத் தவிர வேறெதுவும் ஒரு பொருளை அழிக்காது என்று யார் சொன்னது? வாதம் நொண்டுகிறது, பின்னாலேயே கதை வந்து தாங்கிப் பிடிக்கிறது. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் தன் தத்துவ வரலாற்று விரிவுரைகளில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார். கதை கற்பிக்க உதவும், கவர்ச்சி தரும்; ஆனால் சிந்தனை வளர்ந்து சொந்தக் காலில் நின்ற பிறகு அந்த அலங்காரம் தேவையில்லை. பிளேட்டோவின் பெருமையை அவருடைய கதைகளில் தேடாதீர்கள் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

ஏடுதூக்கி

பிளேட்டோவிலிருந்து ஆரம்பித்தால் பாதிதான் கிடைக்கும். கொஞ்சம் முன்னால் போகவேண்டும்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த செனோபனீஸ், மனிதர்களிடையே இழுக்கு என்று எண்ணப்படும் திருட்டு, கள்ள உறவு, வஞ்சகம் அத்தனையையும் ஹோமரும் ஹெசியடும் கடவுளர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டுகிறார். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்து படம் வரையத் தெரிந்தால் மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும் கடவுளை வரையும் என்ற கிண்டலும் அவருடையதே. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ரேகியம் ஊர் தியாஜெனிஸ் ஹோமருக்கு வக்காலத்து வாங்குகிறார்: கடவுளர் சண்டை என்பது வெப்பமும் குளிர்ச்சியும், ஈரமும் வறட்சியும் மோதிக்கொள்வதாம். உருவகமாகப் படித்துத் தப்பிக்கவைக்கும் வித்தை அப்போதே வந்துவிட்டது.

எனக்கு இவர்களைவிட பர்மெனிடீஸ்தான் சுவாரசியம். உள்ளது உள்ளது, இல்லாதது இல்லை, மாற்றம் என்பதே கிடையாது என்று உலகத்தையே தர்க்கத்தால் வழித்துப் போட்ட ஆள். அவர் அதை எப்படிச் சொல்கிறார்? செய்யுளில். சூரியனின் மகள்கள் வழிகாட்ட, தேரேறி, பகலும் இரவும் போய்வரும் வாயிலைக் கடந்து ஒரு தேவியிடம் போகிறார். அந்தத் தேவி பேசுவதுதான் மொத்தத் தத்துவமும். 'தர்க்கத்தால் சீர்தூக்கிப் பார்' என்று அவரிடம் சொல்வதும் அந்தத் தேவியே! தொன்மம் போய்த் தர்க்கம் வந்தது என்ற நேர்கோட்டு வரலாற்றை வில்ஹெல்ம் நெஸ்ட்லே 1940இல் ஒரு நூலின் தலைப்பாகவே வைத்தார். பர்மெனிடீஸை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை நேராக இழுக்க முடியாது.

இப்போது தர்க்கப்பிரியையின் குற்றச்சாட்டு. வாதம் நொண்டுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எர் கதை அந்த வாதத்தைத் தாங்க வரவில்லை. இரண்டாம் புத்தகத்தில், சாக்ரடீஸோடு பேசும் கிளாக்கன் வைத்த நிபந்தனை நினைவிருக்கிறதா? பரிசு, புகழ், சொர்க்கம் எதையும் இழுக்காமல், நீதி தன்னளவிலேயே நல்லது என்று காட்டவேண்டும். அணிந்தவரைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கும் கைகேஸின் மாயமோதிரம் கையில் இருந்தாலும் நீதிமானாகவே இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் வேண்டும். பத்தாம் புத்தகத்தில் சாக்ரடீஸ் நின்று கணக்கை முடிக்கிறார்: நீங்கள் கேட்டபடி செய்துவிட்டோம் அல்லவா, இனி பரிசுகளைப் பற்றிப் பேசினால் ஆட்சேபணை உண்டா என்று அனுமதி வாங்குகிறார். அதன் பிறகே எர் வருகிறான். வழக்கு முடிந்த பிறகு வருகிறவனைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், பிளேட்டோ தன் கதைகளுக்கு அவரே சீட்டு ஒட்டிவிடுகிறார். 'ஃபீடோ'வில் மறுவுலக வர்ணனை முடிந்ததும், இதெல்லாம் சொன்னபடி அப்படியே இருக்கிறது என்று புத்தியுள்ளவன் அடித்துச் சொல்லமாட்டான். ஆனாலும் இப்படி ஏதோவொன்று என்று நம்பித் துணிவது தகும், அந்தத் துணிவு அழகானது என்கிறார் சாக்ரடீஸ். 'டிமேயஸ்' உலகத் தோற்றத்தைச் சொல்லும்போது, மனிதர்களாகிய நமக்கு, உண்மையாக இருக்கக்கூடிய ஒரு கதை கிடைத்தாலே போதும் என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறது. ஹெசியடிடம் இந்த மாதிரிச் சீட்டு எதுவும் கிடையாது என்பதுதான் பிளேட்டோவின் புகாரில் பாதி என்று எனக்குப் படுகிறது.

தர்க்கப்பிரியை

'கோர்கியாஸ்' முடிவில் மட்டும் சீட்டு தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறதே. 'நீ இதைக் கட்டுக்கதை என்பாய், நான் உண்மை என்றே சொல்கிறேன்' என்றுதான் சாக்ரடீஸ் ஆரம்பிக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கேலிக்லீஸ் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை, நூலே முடிந்துவிடுகிறது. வாதத்தில் மசியாத ஆள் கதையில் மசிந்தான் என்று பிளேட்டோவாலேயே எழுத முடியவில்லை.

நூல்கண்டு

புதியவன். மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. இவற்றையெல்லாம் உருவகம் என்று எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? கதிர்க்கோல் என்றால் பிரபஞ்ச ஒழுங்கு, பிறக்கும் முன் ஆன்மாக்கள் குடிக்கும் மறதி ஆறு என்றால் அறியாமை, இப்படி.

ஏடுதூக்கி

வாருங்கள் நூல்கண்டு. அடிப்படைக் கேள்விதான் இங்கே நல்ல கேள்வி. இதற்குப் பதில் 'ஃபீட்ரஸ்' நூலின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது.

சாக்ரடீஸும் ஃபீட்ரஸும் இலிசஸ் ஆற்றின் ஓரமாக வெறுங்காலோடு நடக்கிறார்கள். வடகாற்றுக் கடவுள் போரியஸ் ஒரைதியா என்ற இளவரசியைத் தூக்கிக்கொண்டு போனது இங்கேதானே என்று ஃபீட்ரஸ் கேட்கிறான். இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே, ஆற்றைக் கடக்கும் இடத்தில், அங்கே போரியஸுக்கு ஒரு பலிபீடம்கூட இருக்கிறது என்கிறார் சாக்ரடீஸ். சரி, நீங்கள் அந்தக் கதையை நம்புகிறீர்களா என்று அடுத்த கேள்வி.

சாக்ரடீஸ் சொல்வதைக் கவனியுங்கள். 'அறிவாளிகள் மாதிரி நம்ப மறுத்தால் நான் தனிப்பட்டுத் தெரியமாட்டேன். அவள் பாறைமேல் விளையாடிக்கொண்டிருந்தாள், ஒரு வடகாற்று வந்து தள்ளிவிட்டது, செத்துப்போனாள், அதைத்தான் போரியஸ் தூக்கிப்போனான் என்கிறார்கள் என்று கெட்டிக்காரத்தனமாக விளக்கலாம். ஆனால் அப்படி ஆரம்பித்தால் அடுத்து குதிரைமனிதர்களைச் சரிசெய்யவேண்டும், பிறகு கிமேரா, பிறகு கோர்கன்கள், சிறகுக் குதிரை என்று வரிசை கட்டி நிற்கும். எனக்கு அதற்கு நேரமில்லை. உன்னையே அறி என்ற டெல்ஃபி வாசகத்தைக்கூட இன்னும் நிறைவேற்றாதவன் நான்.'

இவ்வளவும் சொல்லிவிட்டு உடனே என்ன செய்கிறார்? நான் டைஃபோனைவிடச் சிக்கலான, வெறிபிடித்த மிருகமா, இல்லை சாதுவான எளிய உயிரா என்பதைத்தான் ஆராய்கிறேன் என்கிறார். டைஃபோன் நூறு பாம்புத்தலை அரக்கன். ஒரு தொன்மத்தை விளக்க மறுத்த அதே மூச்சில் இன்னொரு தொன்மத்தை எடுத்துத் தன்னை அளந்துகொள்கிறார். கதை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அதை வைத்து எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்குப் போய்விட்டார்.

பின்னால் வந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். யூஹெமரஸ், தெய்வங்களெல்லாம் செத்துப்போன பழைய அரசர்கள் என்றார். ஸ்டோயிக் தத்துவவாதிகள் ஹீரா தேவியைக் காற்று என்றார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டு சல்லுஸ்தியஸ் மட்டும் ஓர் அருமையான வரி எழுதினார்: இவை ஒருபோதும் நடந்ததில்லை, ஆனால் எப்போதும் இருக்கின்றன.

பூர்வபட்சி

ஐயா, கிரேக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கதை வாக்கியத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சகர்கள் அளவுக்கு யாரும் கறாராக யோசித்ததில்லை.

அவர்கள் சிக்கல் இது. வேதத்தின் வேலை 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று விதிப்பது. ஆனால் நடுவில் 'ருத்திரன் அழுதான், அழுததால் அவன் ருத்திரன்' என்று கதை வருகிறது. அந்தக் கண்ணீர் வெள்ளியாயிற்று; ஆகவே வேள்வியில் வெள்ளியைத் தட்சிணையாகக் கொடுக்காதே, கொடுத்தால் ஓராண்டுக்குள் வீட்டில் அழுகை வரும். எதிர்க்கட்சி கேட்கிறது: ருத்திரன் அழுததால் நான் செய்யவேண்டியது என்ன? ஒன்றுமில்லை என்றால் இந்த வாக்கியம் எதற்கு? மீமாம்ச ஆசான் ஜைமினியின் பதில்: அதைத் தனியாகப் படிக்காதே, விதியோடு சேர்த்து ஒரே வாக்கியமாகப் படி. அது விதித்ததைப் புகழும், விலக்கியதைப் பழிக்கும். அதற்குப் பெயர் அர்த்தவாதம். ருத்திரன் உண்மையிலேயே அழுதானா என்ற கேள்வி இந்த இடத்தில் எழவே எழாது.

அத்வைத ஆசான் கௌடபாதர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உபநிடதங்களில் மண், உலோகம், தீப்பொறி என்று பலவிதமாகப் படைப்பைச் சொல்கிறார்களே, ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையே? அவை படைப்பைப் பற்றிய தகவலே இல்லை, மாணவனை உள்ளே இறக்கிவிடும் உபாயம், பேதம் என்று எதுவும் இல்லை என்று ஒரே செய்யுளில் முடித்துவிடுகிறார். 'டிமேயஸ்' தயங்கித் தயங்கிச் சொன்னதை இவர் பட்டென்று போட்டு உடைக்கிறார்.

இதற்கு நேரெதிராகப் பௌத்தத் தத்துவவாதி வசுபந்து. 'விம்சதிகா' என்ற நூலில் நரகக் காவலர்களை எடுத்துக்கொள்கிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தரையில் பாவிகள் வேகிறார்கள், காவலர்கள் அங்கேயே நின்று வதைக்கிறார்கள். அவர்களும் அங்கே பிறந்த உயிர்கள் என்றால் அவர்களும் அல்லவா வேகவேண்டும்? வேகும் ஆள் இன்னொருவரை எப்படி வதைப்பான்? ஆகவே அவர்கள் உயிர்கள் இல்லை, பாவிகளின் கருமத்தால் தோன்றும் காட்சிகள். வெளியே பொருள் இல்லாமலேயே பலர் ஒன்றுபோல் ஒரே காட்சியைக் காணமுடியும் என்பதற்கு இதுதான் அவருக்கு எடுத்துக்காட்டு. கதையைச் சந்தேகிக்கவும் இல்லை, உருவகம் ஆக்கவும் இல்லை. அதன் உள்ளே புகுந்து அதன் விதிகளின்படியே தர்க்கம் பண்ணி, மொத்தப் புறவுலகத்தையும் ஆட்டிவிடுகிறார். தர்க்கப்பிரியைக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தர்க்கப்பிரியை

பிடித்தது! காவலர்களுக்கும் சுடவேண்டுமே என்று கேட்கிற ஆள் எனக்கு நெருக்கமானவர்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. எந்த மரபு பழையது என்ற திசையில் இரண்டு பதிவுகள் வந்தன, நீக்கியிருக்கிறேன். பேசுபொருளோடு இருப்போம்.

அரைப்பக்கம்

பெயர் அரைப்பக்கம்தான், பதிவு நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவீன காலத்தில் உண்மையான திருப்பம் இத்தாலியத் தத்துவவாதி விக்கோவிடம் இருக்கிறது. அவருக்கு முன்னால் 1609இல் ஃபிரான்சிஸ் பேக்கன் பழைய கதைகளுக்குள் முன்னோர் ஞானத்தை ஒளித்து வைத்தார்கள் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். விக்கோ 'புதிய அறிவியல்' நூலில் (முதல் பதிப்பு 1725, கடைசி வடிவம் 1744) அந்த நினைப்பையே கவிழ்க்கிறார். ஒளித்து வைக்க அவர்களிடம் அருவமான ஞானம் எதுவும் இருந்ததில்லை. பெருவெள்ளத்துக்குப் பிறகு காட்டில் அலைந்த முரட்டு மனிதர்கள் முதன்முதலாக இடி கேட்டு நடுங்கி மேலே பார்க்கிறார்கள். வானமே உயிருள்ள ஒரு பேருடல், அது கோபத்தில் கத்தி ஏதோ சொல்ல வருகிறது என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்கு யோவ் (ஜூபிடர்) கடவுள் அங்கே பிறக்கிறார். இது உவமையில்லை, அவர்கள் யோசித்த முறையே அதுதான். தொன்மத்தைக் குழப்பமான தத்துவம் என்று மட்டம் தட்டுகிறவர்களுக்கும், மறைவான தத்துவம் என்று தூக்கிவைக்கிறவர்களுக்கும் சேர்த்து விழுந்த அடி.

ஜெர்மன் தத்துவவாதி ஷெல்லிங் இதைத் தன் பிற்கால விரிவுரைகளில் முழுக் கொள்கையாக்கினார். தொன்மம் வேறொன்றைச் சுட்டவில்லை, தன்னையே சொல்கிறது, தெய்வங்கள் அங்கே தெய்வங்கள்தான். இதற்கு ரொம்ப முன்னால், 1796–97 வாக்கில் எழுதப்பட்ட ஒரே ஒரு தாள் இருக்கிறது. 1917இல் ரோசன்ஸ்வைக் அதை வெளியிட்டார். எழுதியது ஹெகலா, ஷெல்லிங்கா, கவிஞர் ஹோல்டர்லினா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அது 'அறிவின் தொன்மம்' ஒன்று வேண்டும் என்று கேட்கிறது. கருத்துகளைத் தொன்மமாக ஆக்காதவரை மக்களுக்கு அவற்றில் நாட்டம் வராது. தொன்மம் அறிவுக்கு உகந்ததாக ஆகாதவரை தத்துவவாதி அதைக் கண்டு வெட்கப்படவேண்டும். தர்க்கப்பிரியை கவனிக்க: அந்தத் தாளில் உள்ள கையெழுத்து ஹெகலுடையது.

நீட்சே 1872இல் சாக்ரடீஸைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். தொன்மத்தை இழந்த பண்பாடு படைக்கும் வலுவையும் இழக்கும் என்றார். நீட்சேயின் அந்தப் பக்கங்கள் படிக்கக் கிறங்கடிக்கும். ஆனால் பின்னால் வந்த நாஜி வரலாறு தெரிந்த ஒருவர் அவற்றை நிம்மதியாகப் படிக்கமுடியாது.

ஏனென்றால் ஜெர்மன் தத்துவவாதி காசிரர். 1925இல் தொன்மத்தை மொழி, அறிவியல் போலவே உலகை வடிவமைக்கும் ஓர் ஒழுங்கு என்று பொறுமையாக, கிட்டத்தட்டப் பரிவோடு எழுதியவர். 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கடைசி நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1946இல் வந்தது. அதில் தொனியே வேறு: இப்போது தொன்மங்கள் தாமாக முளைப்பதில்லை, இயந்திரத் துப்பாக்கியையும் விமானத்தையும் போலத் தயாரிக்கப்படுகின்றன. தத்துவத்தால் அரசியல் தொன்மத்தை அழிக்க முடியாது, வாதம் அதன்மேல் ஏறாது. எதிரியைப் புரிந்துகொள்ள மட்டும் உதவலாம் என்கிறார். ஒரு மனிதர் இரண்டு பத்தாண்டுகளில் அடைந்த தூரம் இது.

அதே போர்க்காலத்தில் அமெரிக்காவில் அகதிகளாக இருந்த ஜெர்மன் தத்துவவாதிகள் ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் ஹோமரின் கதாநாயகன் ஒடிசியஸை எடுத்துக்கொண்டார்கள். கடலோடிகளை மயக்கிக் கொல்லும் சைரன்களின் பாட்டைக் கேட்கவும் வேண்டும், சாகவும் கூடாது. படகோட்டிகளின் காதில் மெழுகை அடைத்துவிட்டுத் தன்னைப் பாய்மரத்தில் கட்டவைக்கிறான். கட்டிப்போட்ட இன்பம் ஒருவனுக்கு, காது அடைத்த உழைப்பு மற்றவர்களுக்கு. நவீன அறிவின் மொத்தக் கணக்கும் அந்தக் கப்பலில் இருக்கிறது என்கிறார்கள். தொன்மமே ஒருவகை அறிவொளி, அறிவொளி மறுபடி தொன்மமாகத் திரும்பும் என்பது அவர்கள் முடிவு. எனக்கு அந்த முடிவைவிட அந்தக் கப்பல்தான் மனதில் நிற்கிறது. கதையை இப்படி நுணுக்கமாகப் படித்துத் தத்துவம் பண்ணமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

ஜெர்மன் தத்துவவாதி புளுமன்பெர்க் (1979) பற்றித் தனி இழையே போடலாம். சுருக்கமாக: பெயரில்லாத அச்சத்துக்குப் பெயர் வைத்ததே அறிவின் முதல் வேலை, ஆகவே தொன்மமும் அறிவும் எதிரிகள் இல்லை என்பார்.

தர்க்கப்பிரியை

அரைப்பக்கம், காசிரரைக் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆனால் நீங்கள் அவரைத் தொட்டுவிட்டு ஒடிசியஸிடம் ஓடிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

1908இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சோரெல், பொது வேலைநிறுத்தம் என்பதை ஒரு தொன்மம் என்றார். குறை சொல்லவில்லை, பாராட்டினார். தொன்மத்தை மறுக்க முடியாது, அது ஒரு கூட்டத்தின் உறுதியை வெளியிடுவது, நிறைவேறுமா இல்லையா என்று விவரம் கேட்பதே தவறு என்றார். தத்துவவாதியே 'இதைக் கேள்வி கேட்காதே' என்று சொல்லும் இடம் இது. இந்த வழியில் யார் யாரெல்லாம் நடந்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

இதற்கு விதை பிளேட்டோவிடமே இருக்கிறது. மூன்றாம் புத்தகத்தின் உலோகக் கதை: நீங்கள் எல்லோரும் மண்ணுக்குள் வளர்ந்த சகோதரர்கள், சிலருக்குள் தங்கம், சிலருக்குள் வெள்ளி, மற்றவர்களுக்குள் இரும்பும் வெண்கலமும். சொல்ல வெட்கப்பட்டது சரிதான் என்று கிளாக்கனே சொல்கிறான். யாராவது நம்புவார்களா என்று கேட்டால், இந்தத் தலைமுறை நம்பாது, அவர்கள் பிள்ளைகளும் அதற்குப் பின்னால் வருகிறவர்களும் நம்பலாம் என்கிறான். ஏடுதூக்கி ஐயா சொன்ன சீட்டு இந்தக் கதையில் எங்கே? நமக்கு, வாசகர்களுக்கு, பொய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த நகரத்துக் குடிமகனுக்கு ஒட்டவில்லை.

ஏடுதூக்கி

அந்த இடத்தில் பிளேட்டோவைக் காப்பாற்ற நான் முயலப்போவதில்லை. எர் கதைக்கும் உலோகக் கதைக்கும் உள்ள தூரம் அதுவே: ஒன்றில் கேட்பவனுக்கு இது கதை என்று தெரியும், மற்றதில் தெரியக்கூடாது.

ஆனால் தொன்மம் என்றாலே எதேச்சாதிகாரம் என்று எழுதிவிடாதீர்கள். பிளேட்டோவே 'புரோட்டகோரஸ்' நூலில் அதே பெயருள்ள சோஃபிஸ்ட் (காசுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்) வாயில் ஒரு கதை வைத்திருக்கிறார். எபிமீதியஸ் விலங்குகளுக்கு நகம், தோல், வேகம் எல்லாவற்றையும் பங்குபோட்டுத் தீர்த்துவிடுகிறான், மனிதனுக்கு மிச்சமில்லை. புரொமீதியஸ் நெருப்பையும் தொழில் அறிவையும் திருடித் தருகிறான். அப்போதும் மனிதர்கள் கூடி வாழத் தெரியாமல் அடித்துக்கொண்டு சாகிறார்கள். சீயஸ் நாணத்தையும் நீதியையும் ஹெர்மிஸிடம் கொடுத்து அனுப்புகிறார். மருத்துவத்தைப் போலச் சிலருக்கு மட்டும் கொடுக்கட்டுமா, எல்லோருக்குமா என்று ஹெர்மிஸ் கேட்க, எல்லோருக்கும், சிலரிடம் மட்டும் இருந்தால் நகரங்களே இருக்காது என்று பதில் வருகிறது. அரசியலில் செருப்புத் தைப்பவரும் பேசலாம் என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான நியாயம் ஒரு தொன்மத்துக்குள்தான் இருக்கிறது.

வெயில்மரம்

கேள்வி கேட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று கேட்கிறேன். பின்னால் வந்த தத்துவவாதிகள் உண்மையில் கதை சொல்வதை நிறுத்தினார்களா? எல்லாவற்றிலும் நம்மை ஏமாற்றும் டேகார்ட்டின் பூதம் 1641. ஹாப்ஸின் இயற்கை நிலை, அதாவது அரசு இல்லாத மனித வாழ்க்கை, 1651. ரூசோ 1755இல் தன் இயற்கை நிலையைப் பற்றி, அது இப்போது இல்லை, ஒருவேளை இருந்ததே இல்லை, அநேகமாக இருக்கப்போவதும் இல்லை, ஆனாலும் நம் இன்றைய நிலையை எடைபோட அதைப் பற்றிய தெளிவு வேண்டும் என்கிறார். மேலே வந்த சல்லுஸ்தியஸ் வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

தர்க்கப்பிரியை

ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிந்தனைச் சோதனையில் விவரத்தை மாற்றினாலும் வேலை நடக்கும். கைகேஸின் மோதிரத்தை எடுத்துவிட்டு, பார்ப்பவர் கண்ணை மறைக்கும் போர்வை கொடுங்கள், கேள்வி அப்படியே நிற்கும். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று யாரும் கைவைத்துப் பார்க்கலாம். தொன்மத்தில் கைவைத்தால் ஒன்று அது செத்துவிடும், இல்லை இன்னொரு தொன்மமாகிவிடும். 1971இல் ரால்ஸ் அமைத்த 'அறியாமைத் திரை' முதல் வகை. எர் இரண்டாம் வகை.

ஏடுதூக்கி

நல்ல உரைகல். அப்படியானால் அந்த இரண்டையும் பக்கத்தில் வைப்போம். இரண்டிலும் வாழ்க்கைக்கு முன் ஒரு தேர்வு. இரண்டிலும் ஒரு மறதி. ஆனால் ரால்ஸில் மறதி முதலில் வருகிறது: நான் யார், எந்தக் குலம், என்ன திறமை என்று எதுவும் தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். எர் கதையில் தேர்வு முடிந்த பிறகே லேத்தே என்ற மறதிச் சமவெளிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். தேர்வின்போது முன்பிறவி முழுக்க நினைவிருக்கிறது, பெரும்பாலோர் அந்தப் பழக்கத்தின்படியே பொறுக்குகிறார்கள். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் மனிதர்களை வெறுத்துக் கழுகாகிறான். ஒடிசியஸ் பட்ட பாடு போதும் என்று தேடித்தேடி, யாரும் சீண்டாமல் ஒரு மூலையில் கிடந்த சாதாரண மனிதனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான்.

சுண்டெலி

ரால்ஸ் வாசலிலேயே லேத்தே தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். பிளேட்டோ பில் கட்டிய பிறகு கொடுக்கிறார்.

தர்க்கப்பிரியை

ஒப்பீடு பிரமாதம். ஆனால் இதைக் கதையில்லாமலே சொல்லலாமே: 'ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை அவர் ஏற்கெனவே பழகிய குணம் தீர்மானிக்கிறது; பழக்கத்தால் மட்டும் வந்த நற்குணம் அந்த நேரத்தில் கைகொடுக்காது.' ஒரே வாக்கியம். கதிர்க்கோல் தேவைப்படவில்லை.

ஏடுதூக்கி

சொல்லலாம். அந்த வாக்கியத்தைப் படிக்கிறவர் 'ஆமாம், சிலர் அப்படித்தான்' என்று தலையாட்டிவிட்டுப் போவார். கதையில் முதல் சீட்டு எடுத்தவன் சட்டென்று பெரிய கொடுங்கோலனின் வாழ்க்கையை அள்ளிக்கொள்கிறான், பிறகுதான் அதில் சொந்தப் பிள்ளைகளையே தின்னும் விதி இருப்பதைப் பார்த்து மார்பில் அடித்துக்கொள்கிறான். தன்னைத் தவிர எல்லோரையும் குறை சொல்கிறான். அவன் எங்கிருந்து வந்தவன் என்று அதற்குப் பிறகே தெரிகிறது: சொர்க்கத்திலிருந்து. போன பிறவியில் ஒழுங்கான நகரத்தில், ஒழுங்கான ஆளாக வாழ்ந்தவன். அதாவது, இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் மரியாதைக்குரிய வாசகனைப் போன்ற ஒருவன். அந்த விவரம் வரும் வரிசையை மாற்றினால் அடி விழாது.

தர்க்கப்பிரியை

அடி விழுவது வாசகனைப் பற்றிய செய்தி. சொன்னது உண்மையா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சோரெலின் கூட்டத்துக்கும் அடி விழத்தான் செய்தது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நான் கடைசியில் அந்த ஒற்றை வாக்கியத்திடம்தான் வரவேண்டியிருக்கிறது, ஐயா. நீங்கள் கதையை வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் என்னிடம் இருக்கட்டும்.

வெயில்மரம்

இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன். பூர்வபட்சி, வசுபந்துவின் அந்த நூலுக்குத் தமிழில் உரை ஏதாவது உண்டா? தனி இழை போடுங்களேன்.